நாற்பத்து மூன்றாவது அடையாளம்

என் வீட்டுக்காரர் பதினோரு வருஷம் பட்டப்பகலில் நட்சத்திரங்களுக்குக் கீழே நின்று வேலை பார்த்தவர். இப்படிச் சொன்னால் ஏதோ வானாராய்ச்சி ஆபீஸ் என்று நினைப்பீர்கள். மெத்தைக் கடைதான். ஊருக்கு ஊர் ஒரே முகத்தோடு இருக்குமே, அப்படி ஒரு கம்பெனிக் கடை. பெயர் கம்பெனியுடையது, கட்டடம் மாடியில் குடியிருக்கும் அம்மாவுடையது, காலை ஒன்பது மணியிலிருந்து நின்று நின்று கால் வீங்குவது மட்டும் இவருடையது.

உள்ளே நுழைந்தால் தாழ்வான கருநீலக் கூரை. அதில் நூற்றெண்பது பொடி பல்புகள். கதவுக்குப் பிறை நிலா வடிவத்தில் கைப்பிடி. வருகிறவர்கள் மாட்டிக்கொள்ளச் சாம்பல் நிறத்தில் மெத்தென்ற செருப்பு. மூலையில் ஒரு சின்ன யந்திரம், மழை விட்ட பிறகு வரும் காற்றைப் போல ஒரு வாசனையை ஊதிக்கொண்டே இருக்கும். நான் குழந்தைகள் வார்டில் நர்ஸ். மதிய ஷிஃப்ட் முடிந்து வெயிலில் நடந்து வந்து அந்தக் கதவைத் தள்ளினால், தண்ணீருக்குள் இறங்குகிற மாதிரி இருக்கும். காது அடைத்துக்கொள்ளும். மெத்தைகளில் ஆட்கள் அங்கங்கே படுத்திருப்பார்கள். அவர்களுக்கு நடுவே இவர் சத்தமில்லாமல் நடந்து போவார்.

அந்தக் கடையில் ஒரு முறை இருந்தது. யார் வந்தாலும் இருபது நிமிஷம் தூங்கிப் பார்க்கலாம். வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இருபதாவது நிமிஷம் ஒரு குட்டி மணி அடிக்கும். இவர் போய்க் காதருகே குனிந்து, "மெதுவா கண்ணைத் திறங்க" என்பார். மூன்றே வார்த்தை, கம்பெனி எழுதிக் கொடுத்தது. மற்ற ஊர்களில் இது விற்பதற்கான தந்திரம். நம்மாளுக்கு இதுவே தொழிலாகிவிட்டது. இரட்டைக் குழந்தை பெற்றவள் ஒருத்தி, பரீட்சைத் தாள் திருத்தும் கணக்கு டீச்சர், ஆறாம் நம்பர் பஸ் ஓட்டுகிற டிரைவர் என்று ஒரு கூட்டம் தினமும் வந்து தூங்கிவிட்டுப் போகும். வருஷக்கணக்காக வந்தும் ஒரு தலையணை உறை வாங்கியதில்லை.

"இவங்க என்னைக்குத்தான் வாங்குவாங்க?" என்று கேட்டேன் ஒருநாள்.

"தூக்கம் வந்துச்சுல்ல, அது போதும்" என்றார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று எங்கள் வீட்டில் அவருக்கு அன்றே பெயர் வைத்தாயிற்று.

வாடிக்கைக்காரர்களைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அவருடைய குரல். கல்யாணமான புதிதில் லாரி ஷெட்டில் வேலை பார்த்தார். லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லி அவர் போடும் சத்தம் இரண்டு தெரு தாண்டி என் சமையலறைக்குக் கேட்கும். அரிசி களைந்துகொண்டே சிரிப்பேன். பிறகு இந்தக் கடை வந்தது. கம்பெனி பத்து நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டது. போனது ஒருவர், திரும்பி வந்தது வேறொருவர். பஞ்சில் சுற்றிவைத்த மாதிரி ஒரு குரல். மேடு பள்ளமே கிடையாது. கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை, அதை வீட்டுக்கும் கொண்டுவந்தார். ஒருநாள் சமையலறைக் குழாய் பிய்த்துக்கொண்டு தண்ணீர் கூரைவரை அடிக்கிறது. வாசலில் நின்று, "தண்ணி கொஞ்சம் அதிகமா வருது, உங்களுக்கு வசதிப்படும்போது வந்து பாருங்க" என்கிறார் என்னிடம். வேறு ஊரில் இருக்கும் எங்கள் மகள் போனில் அழாத குறையாகச் சொன்னாள்: "அம்மா, அப்பா என்னைக் கஸ்டமர் மாதிரி நடத்துறார்."

என் அம்மா செத்துப்போன அன்றும் அதே குரல்தான். பக்கத்தில் உட்கார்ந்து, "அவசரமில்ல, உங்க நேரத்தை எடுத்துக்கோங்க" என்றார். அது மெத்தை தேர்ந்தெடுக்க முடியாமல் நிற்பவர்களுக்குச் சொல்கிற வாசகம். எனக்குத் தெரியும், கடையில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். அன்று வந்த கோபம் எனக்கு முழுசாக ஆறவே இல்லை.

போன வருஷம் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஒப்பந்தம் முடிகிறது, நீட்டிக்கப் போவதில்லை. காரணமும் எழுதியிருந்தார்கள்: அத்தனை கிளைகளிலும் அதிகம் பேர் தூங்கியது இங்கேதான், குறைவாக விற்றதும் இங்கேதான். இருபத்தோரு நாளுக்குள் கம்பெனியின் அடையாளங்கள் எல்லாவற்றையும் கடையிலிருந்து நீக்க வேண்டும். கூடவே ஒரு பட்டியல், நாற்பத்து மூன்று அயிட்டம். சரிபார்க்க ஆள் வருவார். எல்லாம் போயிருந்தால் ஒரு விடுதலைக் கடிதம் கொடுப்பார். ஒன்று மிச்சமிருந்தாலும் இரண்டு வருஷத்துக்கு இதே இடத்தில் மெத்தை விற்கக் கூடாது.

மாடி அம்மா நியாயமானவர், ஆனால் கறார். "அந்தக் கடிதாசியைக் கொண்டாங்க, இடத்தை உங்க பேர்லயே எழுதித் தரேன். இல்லாட்டி மருந்துக் கடைக்காரர் ஒருத்தர் ரொம்ப நாளாக் கேட்டுட்டிருக்கார்" என்றார். அவர் மேல் தப்பில்லை. இவருக்கோ ஐம்பத்தாறு வயது. மூட்டை தூக்க முதுகு ஒத்துழைக்காது. தெரிந்த தொழில் இது ஒன்றுதான். அந்த ஒரு தாளில்தான் எங்கள் பிழைப்பு நின்றது.

லீவு போட்டுவிட்டு நானும் இறங்கினேன். முதலில் வாசல் சுவரில் பதித்த பெயர். எழுத்துகளைக் கழற்றினால், அவை இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் பளிச்சென்று இருந்தது. எழுத்துகளே இல்லாமல் கம்பெனியின் பெயரைத் தெருவில் நின்று படிக்கலாம். முழுச் சுவரையும் சுரண்டினோம். கண்ணாடிக் கதவில் ஒட்டிய ஸ்டிக்கருக்கு என் தலைமுடி உலர்த்தும் யந்திரத்தைக் காட்டி, இளகியதும் ஓரத்திலிருந்து உரித்தோம். பிசினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தோம். பிறை நிலாக் கைப்பிடி போய்ச் சாதாரண இரும்புக் கைப்பிடி வந்தது. கதவைத் திறக்கும்போதெல்லாம் என் கை நிலாவைத் தேடி ஏமாந்தது.

நட்சத்திரங்களைக் கழற்றிய நாளை நான் மறக்க மாட்டேன். இவர் ஏணியில், நான் கீழே வாளியோடு. தொட்டால் ஷாக் அடிக்காத சின்னக் கரண்ட் என்பதால் எரிய விட்டே கழற்றினார். அப்போதுதான் எந்த வயர் எங்கே போகிறதென்று தெரியுமாம். ஒவ்வொன்றாகப் பிடுங்கி என் கையில் கொடுப்பார். வாளியில் போடுவதற்குள் அது அணைந்திருக்கும், சூடு மட்டும் உள்ளங்கையில் ஒட்டியிருக்கும். வாசல் பக்கத்திலிருந்து வானம் காலியாகிக்கொண்டே வந்தது. இருட்டு எங்கள் தலைக்கு மேலே நகர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே பஸ் ஹாரன், காய்கறி வண்டிக்காரர் சத்தம், பதினோரு மணி வெயில். உள்ளே எங்கள் இருவருக்கு மட்டும் ஒரு ராத்திரி தீர்ந்துகொண்டிருந்தது. கடைசி நட்சத்திரத்தை அவர் உடனே கழற்றவில்லை. ஏணியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நீலம் லேசில் போகிற நீலமில்லை. வெள்ளை அடித்தால் மறுநாள் காலை அடியிலிருந்து மேலே வந்து எட்டிப் பார்க்கும். நாலு தடவை அடித்த பிறகுதான் அடங்கியது. பெயிண்ட் சொட்டி எங்கள் இருவர் தலையும் வெளுத்துப்போய், ஒரே வாரத்தில் எண்பது வயதுக் கிழம் ஆனோம். வாசனை அதைவிட அழும்பு. சுவரை வினிகர் விட்டுக் கழுவினோம், தட்டுத் தட்டாக வெங்காயம் வெட்டி வைத்தோம். ஒருநாள் ஏசிக் குழாய்க்குள்ளிருந்து மழைக்காற்று கிளம்பி வந்தது. பழைய திரைச்சீலையை மடித்தால் அங்கேயும் மழைக்காற்று. கடைசியில் இவர் சட்டைகளை ஊறவைத்தபோது கொல்லைப்புறமெல்லாம் மழை பெய்து ஓய்ந்த மாதிரி மணத்தது.

பட்டியலில் நாற்பத்தொன்று: இருபது நிமிஷத் தூக்க முறையை நிறுத்த வேண்டும். மணியைக் கழற்றிப் பெட்டியில் போட்டார். தினமும் வருகிறவர்களிடம், கடிதம் கைக்கு வரும்வரை யாரும் வந்து படுக்க வேண்டாம் என்று ஒவ்வொருவராகச் சொல்லி அனுப்பினார். டிரைவரிடம் மட்டும் சொல்ல முடியவில்லை. அவரை ஒரு மாசம் தொலைதூர வண்டிக்கு மாற்றியிருந்தார்கள்.

நாற்பத்து மூன்றைப் படித்துவிட்டு எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு இன்னொரு தடவை படித்தேன். 'பயிற்சியில் கற்றுக்கொடுத்த பேச்சும் குரலும்.' வாடிக்கையாளரிடம் பழைய மாதிரி பேசினால் அதுவும் கம்பெனி அடையாளம்தானாம்.

"இதைச் சுரண்டி எடுக்க முடியாதே" என்றேன்.

"முயற்சி செஞ்சு பாக்கலாங்க" என்றார் பஞ்சுக் குரலில்.

முயற்சி செய்தோம். மீன் கடைக்கு அனுப்பிப் பேரம் பேசச் சொன்னேன். மீன்காரியிடம் அவர் பேசிய பேச்சில் அவளே நெகிழ்ந்துபோய் இரண்டு மீன் சேர்த்துப் போட்டுவிட்டாள். ரயில் மேம்பாலத்துக்குக் கீழே கூட்டிக்கொண்டு போய், நான் அந்தக் கோடியில் நின்றுகொண்டு, "கத்துங்க!" என்றேன். அவர் வாயைத் திறந்தது தெரிந்தது. என்ன சொன்னார் என்று கேட்கக் கிட்டே வர வேண்டியிருந்தது. வேண்டுமென்றே சண்டை இழுத்தேன். உப்பில்லாமல் குழம்பு வைத்தேன். "இதுவும் ஒரு ருசிதான்" என்று சாப்பிட்டு எழுந்தார். லாரி ஷெட்டில் எப்படிக் கத்துவீர்கள் என்று கேட்டால் யோசித்துப் பார்த்துவிட்டு, "அது எங்க போச்சுன்னே தெரியல" என்றார். சொல்லும்போது அவர் முகம் சுருங்கிப்போனது. அதற்குமேல் நான் அவரைப் படுத்தவில்லை.

இருபத்தோராம் நாள் மதியம் ஒரு மணிக்குச் சரிபார்க்கிற ஆள் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், காதோரம் நரைத்திருந்தது, கையில் பட்டியல், தோளில் கேமரா. கடை வெள்ளை வெளேரென்று இருந்தது. விற்காமல் மிஞ்சிய ஒரே மெத்தை, உறை உரித்து, நடு ஹாலில் கிடந்தது.

"வாங்க, வெயில்ல வந்திருக்கீங்க, கொஞ்சம் இளைப்பாறிட்டுப் பாக்கலாமே" என்றார் என் வீட்டுக்காரர். அப்படியே பழைய குரல். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வந்தவர் பேனாவை எடுத்தார். "சார், கோவிச்சுக்காதீங்க. நீங்க இன்னும் எங்க மாதிரியேதான் பேசுறீங்க" என்று நாற்பத்து மூன்றுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். "மத்ததை முதல்ல பாத்துடுறேன். கிளம்பும்போது இதுக்கு வருவோம்."

இருவரும் பின்கட்டுக்குப் போனார்கள். அங்கே கிடங்கு, கழிப்பறை, மின்சாரப் பெட்டி என்று பார்க்க நிறைய இருந்தது. நான் ஹாலில் தனியாக நின்றேன். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஆறாம் நம்பர் டிரைவர் உள்ளே வந்தார். காக்கிச் சட்டை கசங்கி, கண் இரண்டும் சிவந்து, பாதித் தூக்கத்திலேயே நடந்து வந்தார். கூரையைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை. கால் தானாகவே மெத்தைக்குப் போனது.

"அண்ணா, இன்னைக்கு வேண்டாம்" என்றேன்.

"ரெண்டு நாளா வண்டியிலேயே இருந்தேன் தங்கச்சி. சாயந்திரம் மறுபடி எடுக்கணும்" என்று சொல்லி முடிப்பதற்குள் குறட்டை வந்துவிட்டது.

எழுப்பியிருக்க வேண்டும். எங்கள் பிழைப்பே போகப்போகிறது என்று தெரிந்தும் எனக்குக் கை வரவில்லை. வார்டில் இருபத்தைந்து வருஷமாகத் தூங்குகிற முகங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு வந்த நோய் அது. அதற்குப் பதிலாக ஒரு மகா புத்திசாலித்தனம் செய்தேன். காலி அட்டைப்பெட்டிகளை இழுத்துவந்து மெத்தையைச் சுற்றி அடுக்கினேன். குறட்டையை மறைக்கத்தான் வழி தெரியவில்லை. துடைப்பத்தை எடுத்து, பெருக்கிய தரையையே பெருக்கிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக வெயில் வெள்ளைச் சுவரில் ஏறியது. பெட்டிக் கோட்டைக்குள் மூச்சு ஏறி இறங்கும் சத்தம். பயத்தின் நடுவிலும் எனக்கே லேசாகக் கண் சொருகியது.

நெடுநேரம் கழித்து அவர்கள் திரும்பி வந்தார்கள். வந்தவர் முகத்தில் திருப்தி தெரிந்தது. நாற்பது அயிட்டத்துக்குச் சரி போட்டிருந்தார். பிறகு காதைத் தீட்டிக்கொண்டார். ஒரு பெட்டியை நகர்த்தினார்.

"என்ன சார் இது? நாற்பத்தொன்னு அப்படியே இருக்கே."

இவருக்கு முகம் வெளிறிவிட்டது. "மன்னிக்கணும், இவர் தெரியாம வந்திருப்பார், தயவுசெஞ்சு..." என்று ஆரம்பித்தார். பஞ்சு, பஞ்சு, எல்லாம் பஞ்சு.

"அதெல்லாம் எழுத முடியாது சார். முதல்ல எழுப்பி அனுப்புங்க. நீங்க எழுப்பாட்டி நான் எழுப்புறேன்" என்று அந்த ஆள் குனிந்து டிரைவரின் தோளில் கை வைத்து ஓர் உலுக்கு உலுக்கினார்.

"எடுடா கையை!"

எனக்குத் துடைப்பம் கைநழுவி விழுந்தது. யார் கத்தியது என்று ஒரு விநாடி புரியவில்லை.

"தூங்குற மனுஷன் மேல கை வைப்பியா? அம்பது உயிரை வச்சு வண்டி ஓட்டுறவன்யா அவன்! தூங்காமப் போய் எங்கேயாவது மோதினா உன் பட்டியலா வந்து காப்பாத்தும்? கடிதாசி குடுக்காட்டிப் போ! மருந்துக் கடை வரட்டும்! ஆனா என் கடையில ஒருத்தன் தூங்கும்போது எவனும் தொடக் கூடாது!"

கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. மாடியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. டிரைவர் துள்ளி எழுந்து, வலது காலால் மெத்தையை ஓங்கி மிதித்து, "பிரேக்கு! பிரேக்கு!" என்றார். இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய தூக்கத்தை என் வீட்டுக்காரரே கலைத்துவிட்டார்.

இவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார், அது யாருடைய தொண்டை என்பது போல. எல்லாம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டிரைவரிடம் திரும்பி, "எப்ப படுத்தீங்க?" என்றார்.

டிரைவர் திருதிருவென்று விழித்தார். நான்தான் சொன்னேன். "ஒண்ணேகாலுக்கு."

"இப்போ மணி ரெண்டு. நாற்பத்தஞ்சு நிமிஷம்." அவர் பட்டியலைப் புரட்டினார். "எங்க முறை இருபது நிமிஷம். மணி அடிக்கணும். காதுகிட்ட குனிஞ்சு மூணு வார்த்தை. இங்க மணியும் இல்ல, குனியவும் இல்ல. சார் போட்ட சத்தத்துல எனக்கே கால் ஆடிப்போச்சு." பேனாவைத் தட்டிக்கொண்டே யோசித்தார். "இதைக் கம்பெனி முறைன்னு எழுதினா என் வேலை போயிடும். கம்பெனிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

நாற்பத்தொன்றுக்கு ஒரு சரி. நாற்பத்திரண்டு, வாசலில் கிடந்த மிதியடி. அதுவும் மாற்றியாயிற்று, சரி. நாற்பத்து மூன்றில் அந்தக் கேள்விக்குறியை அடித்துவிட்டு, "கம்பெனிக் குரல் துளியும் இல்ல" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். கடிதத்தில் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தார். இவரிடம் கொடுக்கப் பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன். போகும்போது கதவருகே நின்று அந்த மெத்தையைத் திரும்பிப் பார்த்தார். கொட்டாவியை அடக்கிக்கொண்டு போய்விட்டார்.

டிரைவர் கிளம்பியதும், கடிதத்தை மாடி அம்மாவிடம் காட்டிவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு இறங்கினோம். தெருவில் நாலு அடி வைத்திருப்போம்.

"உனக்கு அறிவிருக்கா?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன்.

"அந்த டிரைவர் வந்தாரே, வாசல்லயே நிறுத்தி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அதுல பெட்டி வேற அடுக்கி வச்சிருக்கா! பெட்டி! எந்தக் கிறுக்கியாவது குறட்டைக்குப் பெட்டி அடுக்குவாளா? அடி இவளே, ஒரு நிமிஷத்துல கடையைத் தூக்கிக் குடுக்கப் பாத்தியேடி!"

பழக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எதிரே சைக்கிளில் வந்தவர் இறங்கி ஒதுங்கினார். இவர் நிறுத்தவில்லை. பஸ் நிறுத்தம் தாண்டியும், பாலம் ஏறி இறங்கியும் திட்டிக்கொண்டே வந்தார். குரல் கரகரத்தது, நடுவில் உடைந்தது, மறுபடி ஏறியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. இவ்வளவு சந்தோஷமாக நான் எந்தத் தெருவிலும் நடந்ததில்லை.

பதில் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. வாயே திறக்கவில்லை. எங்கே நிறுத்திவிடுவாரோ என்று பயம்.